கொல்லையிலிருந்து இரண்டு தரம்

எங்கள் ஊரில் முனிக்குப் பயப்படாத ஆம்பளை நான் ஒருத்தன்தான். உச்சி வெயிலில், அது குடியிருக்கிற இலுப்பை மரத்தடியிலேயே துண்டை விரித்துப் போட்டுத் தூங்கியிருக்கிறேன்.

பொய். அந்த மரத்தைத் தாண்டும்போது, இந்த ஐம்பத்திரண்டு வயதிலும், நான் சைக்கிளை மிதிக்கிற வேகத்தில் செருப்பு கழன்று விழும். விழுந்ததை எடுக்கத் திரும்பிப் போக மாட்டேன். அப்படி ஒற்றைச் செருப்பாக வீட்டில் மூன்று கிடக்கின்றன. என் பெண்டாட்டி அவற்றை எறிய விடமாட்டாள். வருகிறவர்களிடம் காட்டி, "எங்க வீட்டுக்காரரு வீரத்துக்குக் குடுத்த மெடலு, பாத்துக்கங்க" என்பாள்.

நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

எங்கள் வீடு தெருவில் கடைசி. திருப்பனந்தாளில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வர வேண்டிய ஊர். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால், இறங்கிக் குளிக்கத் துவைக்க ஒரு கருங்கல். அந்தப் பக்கம் மூங்கில் குத்து. அதற்கப்புறம் வயல்தான். காலையிலும் சாயங்காலமும் ஆள் நடமாட்டம் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் இரண்டு மணி வரைக்கும் ஒரு குஞ்சு இருக்காது. காக்கை கூடக் கத்தாது. மூங்கில் மட்டும் காற்றில்லாமலே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு முனகும்.

அந்த நேரத்தில் முனி உலாத்தும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடும். பதில் சொன்னால் உயிரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு தரம்தான் அதனால் கூப்பிட முடியும். அதனால் உச்சி வேளையில் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கேட்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. முனிக்கு ஏன் மூன்றாம் தரம் கூப்பிட வராது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். அதுவும் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாதம், ஒரு மத்தியானம் நான் வயலிலிருந்து வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. சிமிண்டுத் தரையில் ஈரக் கால்தடம். கொல்லைக் கதவிலிருந்து கூடத்தின் நடு வரைக்கும் ஒவ்வொன்றாக வந்து, அங்கே நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை. வேறு பக்கம் போன தடமும் இல்லை. நடுக்கூடத்தில் ஜோடியாக இரண்டு பாதம், அதோடு சரி. வந்தது எதுவோ அது அப்படியே மேலே போய்விட்ட மாதிரி.

நான் மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏ இவளே" என்று கூப்பிட்டேன். அறைக்குள் படுத்திருந்தவள், "என்ன?" என்றாள். போய்ப் பார்த்தால் புடவை உலர்ந்திருக்கிறது, பாதம் உலர்ந்திருக்கிறது. தலைமுடியிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. ஏன்?"

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சோறு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பட்டப்பகலில் ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாள். கேட்டால், "முதுகுல யாரோ அடுப்ப வச்சு ஊதுறாப்புல இருக்கு" என்பாள். குழம்பில் இரண்டு தரம் உப்பு விழும், மறுநாள் உப்பே இருக்காது. இருபத்தெட்டு வருஷமாக என்னோடு சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறவள், சண்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மஞ்சள் தேய்த்துக் கழுவாமல் விட்ட மாதிரி வெளிறிப் போயிருந்தது. நான் ஏதாவது கேலி செய்தால், சிரிப்பதற்குப் பதிலாக என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்ப்பாள். நானும் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர். ஒரு நாள் உச்சி வேளையில் வயலிலிருந்து குறுக்கு வழியாக வந்தேன். எங்கள் கொல்லைக்குக் கீழே நூறடி தள்ளி ஒரு சின்ன மதகு. அதில் விழுகிற தண்ணீரில் ஒரு சிவப்புக் கோடு நெளிந்தது. ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது வாய்க்காலே செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். ஆனால் இது புரட்டாசி. தண்ணீர் தெளிந்து, அடிமணல் தெரிந்தது. அதில் அந்தக் கோடு மட்டும் பாம்பு மாதிரி வந்து மதகில் விழுந்து கரைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றும் போனது. மேலே எங்கள் கல்லில் யாரும் இல்லை. கல் மட்டும் நனைந்திருந்தது.

வேறொருவனாக இருந்தால் பெண்டாட்டியைக் கேட்டிருப்பான். நான் என் அக்காவைக் கேட்டேன்.

அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன்டா, அவ ஆத்தாளும் அந்த வாய்க்கால் கரையிலதானடா போனா?" என்றாள். என் மாமியாருக்கும் இதே ஊர்தான். நாற்பத்தொன்பது வயதில், ஒரு மத்தியானம், மூங்கில் குத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். முனி அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. அக்கா இதைச் சொன்னபோது என் பெண்டாட்டிக்கு நாற்பத்தேழு.

அக்காவே பூசாரியைக் கூட்டிவந்தாள். அவர் கொல்லைக் கதவில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். என் மணிக்கட்டிலும் அவள் மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு கட்டினார். போகும்போது என்னிடம் தனியாக, "தம்பி, உச்சி வேளையில கொல்லப்பக்கம் யாரு கொரலு கேட்டாலும் சரி, மூணு தரத்துக்கு முன்னாடி வாயத் தொறக்காதீங்க. அந்தம்மா கொரலுலயே கூப்புடும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மாட்டை விட நன்றாக ஆட்டினேன்.

நான்காவது நாள், மத்தியானம் ஒரு மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். சுண்டைக்காய் வற்றல் குழம்பு. கொல்லையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க..."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அவள் குரல்தான். ஆனால் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாய்க்குள் சோறு இருந்ததால் அது சுலபமாகவும் இருந்தது.

"ஏங்க..."

இரண்டாவது, முன்னதை விடச் சின்னதாக. கதவில் எலுமிச்சம்பழம் ஆடாமல் தொங்கியது. நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். மூங்கில் முனகியது. மூன்றாவது வரவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முனியை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

புத்தி உள்ளவனாக இருந்தால் ஒன்றை யோசித்திருப்பான். முனி கூப்பிடுவதானால் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். ஊரில் எல்லோரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லாமல் 'ஏங்க' என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் என் பெண்டாட்டிதான்.

கை கழுவக் கொல்லைக்குப் போனபோதுதான் பார்த்தேன். கல்லின் மேல் பாதியும் தண்ணீரில் பாதியுமாகக் கிடந்தாள். பக்கத்தில் துவைக்க எடுத்துவந்த துணிகள். அவளிடமிருந்து அந்தச் சிவப்புக் கோடு கிளம்பி, மதகை நோக்கி நெளிந்து போய்க்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. தூக்கியபோது என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தரம் கூப்புட்டேன்" என்றாள்.

இன்றைக்கும் உச்சி வேளையில் எனக்குக் கேட்கிற குரல் அதுதான்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பிரஷரும் சுகரும் பார்க்க வருகிற நர்ஸம்மா ஒருவர் உண்டு. அன்றைக்கு எங்கள் தெருவில்தான் இருந்தார். ஓடி வந்து, அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெண்டைப் பிஞ்சின் விதை மாதிரி வெள்ளையாக இருந்தது. "எத்தன நாளாம்மா இப்படிப் போவுது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் நான் மட்டும் கெட்டிக்காரன் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் வந்த டாக்டர் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"வயசாயிடுச்சு. கர்ப்பப்பைய எடுத்துடலாம். வெள்ளிக்கிழம வச்சுக்கலாமா?"

கூட வந்திருந்த அக்கா, "எடுத்துப்புடுங்க டாக்டர், இனிமே அது எதுக்கு?" என்றாள். நானும் தலையாட்டத் தயாராக இருந்தேன். எதற்கு ரத்தம் போகிறது என்று நான் கேட்கவில்லை. உர மூட்டை வாங்கினால் பத்துக் கேள்வி கேட்கிற ஆள் நான். கட்டிலில் இருந்தவள்தான் மெதுவாக, "கொஞ்சம் நாளு குடுங்க டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா வந்தார். என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எதனால போவுதுன்னு கேட்டீங்களாண்ணே?"

"கேக்கலீங்க."

"ஸ்கேன் எடுத்தாங்களா? எதயாச்சும் டெஸ்டுக்கு அனுப்புனாங்களா?"

"தெரியலீங்க."

"அப்ப அங்க போயி என்னதான் பண்ணுனீங்க?"

"டீ குடிச்சேங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். போகிறதற்கு முன்னால் தயாராகப் போக வேண்டும் என்றார். எந்தெந்தத் தேதியில் பட்டது, ஒரு நாளைக்கு எத்தனை துணி, எப்போது உடம்பு எரிகிறது, எத்தனை நாள் தூக்கமில்லை, எல்லாம் குறித்துக்கொண்டு போக வேண்டும். இது நிற்கப்போகிற வயதில் வருகிற கோளாறாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்க்காமல் யாருக்கும் தெரியாது என்றார்.

எனக்கு எழுத்து நொண்டும். அதனால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைக் குப்பையிலிருந்தும் மாடத்திலிருந்தும் தேடி எடுத்தோம். அவள் யோசித்து யோசித்துச் சொல்ல, நான் ஒவ்வொரு தாளின் பின்னாலும் கோடு போட்டேன். ஒரு துணிக்கு ஒரு கோடு. உடம்பு எரிந்த நாளுக்கு ஒரு அடுப்பு படம். முதல் நாள் நான் போட்ட அடுப்பைப் பார்த்து, "இது என்ன, எரும மாடா?" என்றாள். ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் கேலி பேசிக் கேட்டேன்.

கோடுகள் ஆடிக் கடைசி வெள்ளியில் ஆரம்பித்தன. அந்தத் தாளுக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, போடுங்க" என்றாள்.

அது என்னவென்று எனக்குத் தஞ்சாவூரில்தான் தெரிந்தது. அந்த டாக்டரம்மா என்னையும் உள்ளே உட்கார வைத்தார். தாள்களை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டியாக வருகிறதா, என்ன அளவு, மூட்டு வலிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டார். கால்மணி நேரம் ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருந்ததில் என் பெண்டாட்டி உடைந்துவிட்டாள்.

எங்கள் ஊர்க் காளிக்கு ஆடிக் கடைசி வெள்ளியில் ஊர்ப்பொதுவாக ஒரு மாவிளக்கு உண்டு. அதற்கு அரிசி இடிக்கிறவள் தீட்டு நின்றுபோனவளாக இருக்க வேண்டும். அது பெரிய கௌரவம். அவளுக்கு ஐந்து மாதமாக வரவில்லை. நின்றுவிட்டது என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி, அவளை உலக்கை பிடிக்க வைத்தாள். பாதி மாவு இடித்திருக்கும்போது கால் நனைந்திருக்கிறது. சுற்றிலும் ஊர். உலக்கையைக் கீழே வைக்க முடியாமல் முழுவதையும் இடித்து முடித்திருக்கிறாள். அந்த மாவில்தான் விளக்கு ஏற்றினார்கள். அன்றிலிருந்து நிற்கவில்லை.

"அம்மனுக்கே தீட்டாக்கிப்புட்டேன் டாக்டர். அவதான் என்னயப் புடிச்சு உறிஞ்சுறா. எங்கம்மாவும் இப்படி ரத்தமாப் போயித்தான் செத்துச்சு. மூங்கி குத்துல மறச்சு மறச்சுத் தொவைக்கும், நான் பாத்திருக்கேன். ஊருல முனி அடிச்சிருச்சுன்னாங்க. நானும் சொல்லல."

மாமியாரை முனி அடித்த கதையை நான் இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண வீட்டுப் பந்தலிலும் டீக்கடையிலும் நடித்துக் காட்டியிருக்கிறேன். முனி மாதிரி நடப்பேன், அவர் மாதிரி விழுவேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இவளும் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மா அம்மனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடி வெள்ளித் தாளைக் கையில் எடுத்து, "அன்னைக்கு எத்தன துணி மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் அழுகையை நிறுத்தி, "ஆறு" என்றாள். பேயிலிருந்து கணக்குக்கு வந்ததும் அவள் குரல் பழைய குரலாகிவிட்டது.

அப்புறம் அவர் விளக்கினார். ஐந்து மாதம் வராததெல்லாம் நின்றதாக ஆகாது. சேர்ந்தாற்போல் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது. அதற்கு முந்தைய வருஷங்களில் வரும், வராது, கொட்டும், காயும். எனக்குப் புரிந்துவிட்டது. கடைமடையில் மூடுகிற காலத்து வாய்க்கால். ஒரு முறை கரை புரளும், அடுத்த முறை மணல் தெரியும். உடம்பு எரிவதும் தூக்கம் கெடுவதும் இதனோடு சேர்ந்ததுதான், அதற்கும் மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்றார். கர்ப்பப்பையை எடுப்பது கடைசிப் பேச்சு என்றும் சொன்னார்.

"ஆனா இவ்வளவு கொட்டக் கூடாது. ஸ்கேன் எடுப்போம். உள்ளேருந்து ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். அம்மாவுக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. அதனால இவங்களுக்கு என்னன்னு தெரிஞ்சாகணும்."

அவர் அந்த நோயின் பேரைச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்தது.

துணுக்கு எடுத்த அன்று அவளை அங்கேயே ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். அவள் தங்கை கூட இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நான் மட்டும் ஊருக்கு வந்தேன். மத்தியானம். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக் கூடத்தில் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்துத் தொங்கியது.

"ஏங்க..."

கல்லிலிருந்து. சத்தியமாகச் சொல்கிறேன். அவள் முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தாள்.

"இந்தா வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் கூப்பாட்டுக்கே. கல்லில் யாரும் இல்லை. கல் நனைந்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் அலையடித்து நனைத்திருக்கலாம். அன்றைக்குக் காற்றே இல்லை. நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். அது முனியாக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி, கூப்பிட்டவருக்கு என்ன அவசரமோ, யாராவது ஒருத்தர் வந்தால் போதும் என்று தோன்றியது. கறுப்புக் கயிற்றை அங்கேயே அறுத்துப் போட்டேன். திரும்பத் தஞ்சாவூருக்குக் கிளம்பி இலுப்பை மரத்தைத் தாண்டும்போது மட்டும் வழக்கம்போல் செருப்பு விழுந்தது. அதை மறைப்பானேன்.

ரிப்போர்ட் வர பத்து நாள் ஆனது. ஒரு மத்தியானம் ஈரக் கால்தடத்தைப் பற்றிக் கேட்டேன். "எரிச்ச தாங்காம தலையில ஒரு வாளி ஊத்திக்கிட்டு வந்து ஃபேனுக்குக் கீழ காலு காயிற வரைக்கும் நிப்பேன். பொடவ மாத்திட்டுப் போயிப் படுப்பேன். அதுல என்ன?" என்றாள். அதுதான் மேலே போன பேய்.

ரிப்போர்ட்டில் கெட்டது எதுவும் இல்லை. டாக்டரம்மா அதைச் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பவும் உட்கார்ந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. இரும்புச் சத்து மாத்திரையும், ரத்தத்தைக் கட்டுப்படுத்த மூன்று மாத மாத்திரையும் கொடுத்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "பன்னெண்டு மாசம் முழுசா வராம முடிஞ்சுட்டா, அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே கெளம்பி வந்துடணும். மறைக்கக் கூடாது. என்ன?"

"இவரு கூட்டிக்கிட்டு வந்துடுவாரு" என்றாள் என் பெண்டாட்டி. "மூணாந்தரம் கூப்புட்டா."

மாத்திரையெல்லாம் விட்டபிறகு கடைசியாக அவளுக்குப் பட்டது போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம். அதற்கப்புறம் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு காலண்டர் தாளை, கோடு போடாமல் வெறுமனே, ஆணியில் குத்தி வைத்தேன். இந்தப் பொங்கலோடு பன்னிரண்டு முடிந்தது. இப்போது மாசி. பன்னிரண்டு தாளையும் எடுத்து அவளிடம் கொடுத்தபோது, "இதுக்கு ஒரு மெடலு குத்திக்கங்க" என்றாள். ஆடியில் அக்கா திரும்பவும் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வருவாள். இடிப்பதா வேண்டாமா என்று இவள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு, முதல்ல அந்த டாக்டரம்மாகிட்ட...

கூப்பிடுகிறாள். கொல்லையிலிருந்து. மணி பன்னிரண்டே முக்கால். துணிக்கொடி அறுந்திருக்கலாம். மாடு அவிழ்த்துக்கொண்டிருக்கலாம். குரல் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது.

ஒரு தரம்தான் கூப்பிட்டாள். இந்தா, வந்துட்டேன்.